பின்னணி இல்லாத படத்தை அப்படியே டைம்லைனுக்குக் கொண்டு சேர்ப்பது எப்படி?

கல்யாண வீடியோவின் தொடக்கத்தில் நெல் வயலின் மேல் ட்ரோன் பறந்து செல்லும் காட்சி ஒன்று வருகிறது. அதன்மேல் மணமக்களின் பெயரைத் தங்க நிறத்தில் போட வேண்டும். போட்டோஷாப்பில் எழுத்து அழகாக அமைந்திருக்கிறது, பின்னால் சாம்பலும் வெள்ளையுமான சதுரக் கட்டங்கள் தெரிகின்றன, பின்னணி இல்லாத படத்தைத் தாங்கும் பிஎன்ஜி வடிவத்தில் சேமித்தும் ஆயிற்று. அந்தக் கோப்பை எடிட்டிங் மென்பொருளில் காட்சிகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் இட்டதும் எழுத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பெட்டியோ கறுப்புப் பெட்டியோ வந்து நிற்கிறது. அல்லது, இது இன்னும் மோசம், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றி, பெரிய திரையில் ஓடவிடும்போதுதான் ஒவ்வோர் எழுத்தின் விளிம்பிலும் மை ஊறியதுபோல ஒரு கருங்கோடு கண்ணில் படுகிறது.

அந்தக் கருங்கோட்டை அகற்றுவதற்காக ஓர் இரவு முழுவதும் எழுத்தின் விளிம்பை ஒரு பிக்சல், இரண்டு பிக்சல் என்று செதுக்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது உண்டு. செதுக்கச் செதுக்க எழுத்து மெலிந்ததே தவிர, கோடு போகவில்லை. மறுநாள் காலையில் ஒரே ஒரு அமைப்பை மாற்றியதும் கோடு மறைந்தது. விளிம்பில் தெரியும் கோடு பெரும்பாலும் படத்தின் குற்றமன்று, படத்தைப் படிக்கும் முறையின் குற்றம் என்பதை அன்று புரிந்துகொண்டேன். கீழே வரும் வழிமுறைகள் அந்தப் புரிதலைச் சுற்றியே அமைந்தவை. ஒளிபுகும் தன்மை கோப்பு உருவாகும்போதே இல்லாமல் போகலாம், கோப்பு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் வழியில் தொலையலாம், போய்ச் சேர்ந்த மென்பொருளில் தவறாகப் படிக்கப்படலாம். எந்த இடத்தில் பிழை என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால், திருத்துவது சில நிமிட வேலைதான்.

ஆல்ஃபா என்னும் நான்காவது சேனல்

சாதாரண வண்ணப் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருக்கும். ஒளிபுகும் படத்தில் நான்காவதாக ஓர் எண் சேரும். அந்தப் பிக்சல் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அது சொல்கிறது. 8 பிட் படத்தில் அதன் மதிப்பு 0 முதல் 255 வரை. 0 என்றால் முழுவதும் மறைவு, 255 என்றால் முழுவதும் தெரிவு, இடையில் உள்ளவை எல்லாம் பாதியும் காலுமாகத் தெரிபவை. இதற்கு ஆல்ஃபா சேனல் என்று பெயர். 1970களின் இறுதியில் நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் பணிபுரிந்த எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகிய இருவரும் இந்தக் கருத்தை உருவாக்கினார்கள்; இரண்டு படங்களைக் கலக்கும் சமன்பாட்டில் வரும் கிரேக்க எழுத்தின் பெயரே சேனலுக்கும் நிலைத்துவிட்டது.

திரையில் தெரியும் சதுரக் கட்டங்களுக்கும் ஆல்ஃபாவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். "இங்கே ஒன்றும் இல்லை" என்று நமக்குக் காட்டுவதற்காக மென்பொருள் வரையும் அடையாளம் அது, அவ்வளவே. இணையத்தில் தேடி எடுக்கும் "பின்னணி இல்லாத" படங்களில் பலவற்றில் அந்தக் கட்டங்களே படமாக அச்சாகியிருக்கும். அவற்றில் ஆல்ஃபா துளியும் கிடையாது. தேடல் பக்கத்தில் வெள்ளைப் பின்னணியுடன் தெரிந்து, தனியே திறந்தபின் கட்டங்கள் தெரிந்தால் நம்பலாம். தேடல் பக்கத்திலேயே கட்டங்கள் தெரிந்தால் அது போலி என்றே கொள்ள வேண்டும்.

நேர் ஆல்ஃபாவும் பெருக்கிய ஆல்ஃபாவும்

அவசரப்படாமல் படிக்க வேண்டிய பகுதி இது. ஆல்ஃபாவைக் கோப்பில் எழுதி வைப்பதில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஆங்கில மெனுக்களில் ஒன்று "ஸ்ட்ரெய்ட்" என்றும் மற்றது "ப்ரீமல்டிப்ளைட்" என்றும் குறிக்கப்படும். முதலாவதில் நிறம் தன் முழு அளவில் ஒரு பக்கமும், ஆல்ஃபா தனியே இன்னொரு பக்கமும் இருக்கும். பார்க்கும் நேரத்தில்தான் இரண்டும் பெருக்கப்படும். இரண்டாவதில் நிறத்தை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி, அந்த விடையைத்தான் கோப்பில் எழுதுவார்கள். லூகாஸ் ஃபிலிமில் பணியாற்றிய தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் இரண்டாவது முறையை முறையாக வகுத்துக் கொடுத்தது. கணக்கிடுவதற்கு அது எளிது என்பதால் திரைப்பட விஷுவல் எஃபெக்ட்ஸ் துறையில் அதுவே வழக்கமாயிற்று. பிஎன்ஜி வடிவத்தின் விதிமுறையோ முதல் முறையைத்தான் கட்டாயமாக்குகிறது.

இரண்டையும் மாற்றிப் படித்தால் என்ன ஆகும் என்பதை ஒரே ஒரு பிக்சலை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெள்ளை எழுத்தின் விளிம்பில், பாதி தெரியும் பிக்சல் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எழுத்தின் நிறம் 255. பின்னால் உள்ள காட்சியின் நிறம் 100. சரியான விடை, 255இல் பாதியும் 100இல் பாதியும் சேர்ந்து, சுமார் 178. இதே பிக்சல் பெருக்கிய ஆல்ஃபா முறையில் எழுதப்பட்டிருந்தால் கோப்பில் 255 என்று இருக்காது, 128 என்று இருக்கும். மென்பொருள் இதை நேர் ஆல்ஃபா என்று எண்ணி இன்னொரு முறை பாதியாக்கினால் 64தான் மிஞ்சும். அத்துடன் பின்னணியின் 50 சேர, விடை 114. நமக்கு வேண்டியதோ 178. எழுத்தைச் சுற்றித் தெரிந்த கருங்கோடு இதுதான்.

தலைகீழாகவும் நடக்கும். நேர் ஆல்ஃபாவில் 255 என்று எழுதப்பட்டதைப் பெருக்கியது என்று எண்ணிப் படித்தால், 255உடன் 50 சேர்ந்து 305 ஆகிவிடும். 8 பிட்டில் 255க்கு மேல் இடமில்லை என்பதால் விளிம்பு முழுவதும் தூய வெள்ளையாக வெட்டுப்பட்டு, எழுத்து ரம்பப் பல் போலக் கரடுமுரடாகவும் நியான் விளக்கு போலவும் தெரியும். ஆகவே ஓரம் கறுத்தால், பெருக்கியதை நேர் என்று மென்பொருள் படித்திருக்கிறது என்றும், ஓரம் வெளுத்துப் பொங்கினால், நேரைப் பெருக்கியது என்று படித்திருக்கிறது என்றும் முதலில் சந்தேகிக்க வேண்டும். செதுக்குவதும் மங்கலாக்குவதும் அதற்குப் பின்னால் வர வேண்டியவை.

கோப்பை உருவாக்கும்போது

போட்டோஷாப்பில் புதிய கோப்பைத் திறக்கும்போதே பின்னணி உள்ளடக்கத்தை "டிரான்ஸ்பரன்ட்" என்று தேர்ந்தெடுத்துவிடுவது நல்லது. ஏற்கெனவே உள்ள படம் என்றால், லேயர் பலகத்தின் அடியில் பூட்டுடன் நிற்கும் "பேக்ரவுண்ட்" லேயரை இரட்டைச் சொடுக்கில் சாதாரண லேயராக மாற்றிய பிறகே பின்னணியை அழிக்க வேண்டும். பூட்டுடன் இருக்கும்போது அழித்தால் அந்த இடம் வெறுமையாகாது, பின்னணி நிறம் வந்து நிரம்பும். இலவசப் பட மென்பொருளான கிம்ப் பயன்படுத்துகிறவர்கள் லேயர் மெனுவில் "டிரான்ஸ்பரன்சி" என்ற பிரிவின்கீழ் "ஆட் ஆல்ஃபா சேனல்" என்பதை அழுத்திவிட்டுத் தொடங்க வேண்டும்; அது சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தால் ஆல்ஃபா ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள்.

வெள்ளைத் தாளின் மேல் இருந்த லோகோவை வெட்டி எடுத்திருந்தால், விளிம்புப் பிக்சல்களில் அந்த வெள்ளை கொஞ்சம் கலந்தே இருக்கும். கறுப்பு உடையோ இரவுக் காட்சியோ பின்னால் வரும்போது அது வெண்நூல் போலத் தெரியும். இது ஆல்ஃபாவைப் படிக்கும் முறையால் வருவதன்று; உண்மையிலேயே படத்தில் உள்ள அழுக்கு. இப்படி விளிம்பில் ஒட்டிக்கொண்ட பழைய பின்னணி நிறத்தை மெனுக்களில் "மேட்" என்பார்கள். போட்டோஷாப்பின் லேயர் மெனுவில் "மேட்டிங்" என்ற பிரிவில் உள்ள "ரிமூவ் ஒயிட் மேட்" இதற்காகவே உள்ளது. கறுப்புப் பின்னணியிலிருந்து எடுத்ததற்கு "ரிமூவ் பிளாக் மேட்". ஆனால் வெட்டி எடுப்பதைவிட மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவதே எப்போதும் மேல். கடையின் பெயர்ப்பலகையோ அழைப்பிதழோ அச்சடித்த இடத்தில் கோரல் டிரா, இல்லஸ்ட்ரேட்டர் அல்லது பிடிஎஃப் கோப்பு இருக்கும். அதிலிருந்து எந்த அளவிலும் கூர்மையான விளிம்புடன் பிஎன்ஜி எடுத்துக்கொள்ளலாம். அச்சுக்கான கோப்பு அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே நிறத்தில் இருக்கும் என்பதால் திரைக்கான ஆர்ஜிபிக்கு மாற்றியபின் நிறங்களை ஒருமுறை கண்ணால் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் தலைப்பு போடுகிறவர்களுக்கு இந்த வேலை மற்றவர்களைவிட அதிகமாகவே வந்து சேர்கிறது. எடிட்டிங் மென்பொருளின் எழுத்துக் கருவி இந்திய எழுத்துகளைக் கோக்கும் முறைக்கு அமைக்கப்படாமல் இருந்தால், "கொ" என்பதில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். அடோபியின் எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் கிராஃபிக்ஸ் விருப்பங்களில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இது தீரும். ஆனால் எல்லா மென்பொருளிலும் இப்படி ஓர் அமைப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் நம்மில் பலர் பெயர்களை வெளியே அமைத்து, பிஎன்ஜியாகக் கொண்டுவருகிறோம். அப்படிச் செய்யும்போது எழுத்தைப் படமாக மாற்றுவதற்குமுன் எழுத்து எழுத்தாகவே உள்ள மூலக் கோப்பு ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்; மணமகளின் தந்தை பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிற்று என்று எப்போது அழைப்பு வரும் என்று சொல்ல முடியாது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. வீடியோவுக்கு டிபிஐ (அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்ற எண்ணால் பயன் ஏதுமில்லை; பிக்சல் எண்ணிக்கை மட்டுமே கணக்கு. 1920க்கு 1080 அளவுள்ள காட்சியின் மூலையில் 300 பிக்சல் அகலத்தில் நிற்கப்போகும் லோகோவை 600 பிக்சல் அகலத்தில் செய்தால் போதும். 6000 பிக்சலில் செய்து உள்ளே சுருக்கினால் மெல்லிய கோடுகள் மினுங்கத் தொடங்கும். பெயர்ப்பட்டை போன்றவற்றை நான் முழுச் சட்ட (ஃபிரேம்) அளவிலேயே, அவை நிற்க வேண்டிய இடத்திலேயே வைத்து ஏற்றுமதி செய்கிறேன். பத்துப் பேருடைய பெயர்ப்பட்டையும் ஒரே உயரத்தில் அமர்ந்துவிடும். வெட்டிச் சுருக்குவதானால், நிழலும் ஒளிவட்டமும் முடியும் இடத்துக்கு அப்பால் இருபது முப்பது பிக்சலாவது விட்டு வெட்ட வேண்டும். இல்லையென்றால் மென்மையாகக் கரைந்துபோக வேண்டிய நிழல், கத்தரித்ததுபோல ஒரு நேர்க்கோட்டில் முடியும்.

இன்னொரு பொறி, லேயர்களின் கலப்பு முறை. எழுத்தைச் சுற்றி "ஸ்கிரீன்" முறையில் ஓர் ஒளிவட்டம் போட்டிருந்தால், அதற்கு அடியில் ஏதேனும் நிறம் இருக்கும்போதுதான் அது ஒளியாகத் தெரியும். பின்னணியை அகற்றி ஏற்றுமதி செய்யும்போது, அடியில் ஒன்றும் இல்லாத இடத்தில் அது சாதாரண லேயராக நடந்துகொண்டு, வீடியோவின்மேல் பால் சிந்தியதுபோல வெளிறிய மூட்டமாகப் படியும். இதற்கு நேர்மையான தீர்வு, ஒளிவட்டத்தை மட்டும் கறுப்புப் பின்னணியில் தனிக் கோப்பாக எடுத்து, எடிட்டிங் மென்பொருளில் அந்த டிராக்கின் கலப்பு முறையை "ஸ்கிரீன்" என்று வைப்பதுதான். எழுத்தும் நிழலும் ஆல்ஃபாவுடன் ஒரு கோப்பு. ஒளி ஆல்ஃபா இல்லாமல் இன்னொரு கோப்பு.

எந்த வடிவத்தில் சேமிப்பது

நிலைப்படத்துக்கு பிஎன்ஜியே போதும். 1996இல் தரப்படுத்தப்பட்ட இந்த வடிவம் ஆல்ஃபாவை 8 பிட்டிலோ 16 பிட்டிலோ இழப்பின்றிக் காக்கிறது, எல்லா மென்பொருளும் படிக்கிறது. நிறங்களைக் குறைக்கும் 8 பிட் இண்டெக்ஸ் வகையை மட்டும் தவிர்க்க வேண்டும். ஜேபெக்கில் ஆல்ஃபாவுக்கு இடமே இல்லை. ஜிஃபில் ஒரு பிக்சல் தெரியும் அல்லது தெரியாது, பாதி என்ற பேச்சுக்கு இடமில்லை. அதனால் நிழல் போட முடியாது. வெப்பி ஆல்ஃபாவைத் தாங்கும் என்றாலும் பல எடிட்டிங் மென்பொருள்களில் அது திறக்காது, முதலில் பிஎன்ஜியாக மாற்றிக்கொள்ளுங்கள். எஸ்விஜியையும் அப்படியே.

போட்டோஷாப்பின் சொந்தக் கோப்பான பிஎஸ்டியை நேராகக் கொண்டுவருவது வசதியானது. பிரீமியர் அதைத் திறக்கும்போது லேயர்களை ஒன்றாக்கவா, தனித்தனியாகவா, சீக்வென்ஸாகவா என்று கேட்கும். போட்டோஷாப்பில் திருத்திச் சேமித்தால் டைம்லைனிலும் தானே மாறிவிடும். ஆனால் லேயர் ஸ்டைல்கள் எல்லாம் அப்படியே வரும் என்று நம்பியிருக்கக் கூடாது. நிழலும் பெவலும் போட்ட லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக மாற்றியோ, நகலெடுத்து ரேஸ்டரைஸ் செய்தோ (வெறும் பிக்சல் படமாக்கியோ) கொடுத்தால் எந்த மாற்றமுமின்றி வந்துசேரும்.

சேமிக்கும் சாளரத்தில் "டிரான்ஸ்பரன்சி" என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். கேன்வாவில் பின்னணி நீக்கிய பதிவிறக்கம் கட்டணக் கணக்கில் மட்டுமே உள்ளது. இலவசக் கணக்கில் எடுத்த பிஎன்ஜி பெயரளவில்தான் பிஎன்ஜி, பின்னால் வெள்ளை இருக்கும். கிம்பின் பிஎன்ஜி ஏற்றுமதிச் சாளரத்தில், ஒளிபுகும் பிக்சல்களின் நிறத்தையும் சேமிக்கவா என்று ஒரு தேர்வு உண்டு. முழுவதும் மறைந்த பிக்சலுக்கு நிறம் எதற்கு என்று தோன்றும். படத்தைச் சுருக்கும்போது பக்கத்துப் பிக்சல்களின் நிறங்களைச் சராசரி எடுக்கும் மென்பொருள், கவனமாக எழுதப்படாததாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிக்சலின் நிறத்தையும் சேர்த்துக்கொள்ளும். மறைவாக வெள்ளை இருந்தால் விளிம்பில் வெள்ளை கசியும். தங்க நிற எழுத்தைச் சுற்றிய மறைவான பகுதியிலும் தங்க நிறமே இருந்தால், கசிந்தாலும் தெரியாது.

வழியில் தொலைவது

நான் பார்த்த வெள்ளைப் பெட்டிகளில் பாதிக்குமேல் போட்டோஷாப்பிலும் பிறக்கவில்லை, பிரீமியரிலும் பிறக்கவில்லை, வாட்ஸ்அப்பில் பிறந்தவை. படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் அதை ஜேபெக்காக மாற்றிச் சுருக்கிவிடும், ஆல்ஃபா அத்தோடு போயிற்று. மண்டபத்தின் லோகோவை அனுப்பும் வாடிக்கையாளரிடம், "அண்ணா, ஃபோட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்று முதல் செய்தியிலேயே சொல்லிவிடுவது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. டாக்குமென்ட்டாக அனுப்பினால் கோப்பு பைட் மாறாமல் வரும். டெலிகிராமிலும் "ஃபைல்" என்று அனுப்ப வேண்டும். மின்னஞ்சல் இணைப்பும் கூகுள் டிரைவும் கோப்பைத் தொடுவதில்லை.

ஜேபெக்காக வந்த கோப்பின் பெயரைப் பிஎன்ஜி என்று மாற்றி எழுதினால் ஆல்ஃபா திரும்பி வராது. சிரிப்பாக இருக்கலாம், ஆனால் அப்படிப் பெயர் மாற்றப்பட்டு எனக்கு வந்த கோப்புகளின் எண்ணிக்கை சிறிதன்று.

மென்பொருளுக்குள் கொண்டுவரும்போது

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இந்த விஷயத்தில் மற்றவற்றைவிட வெளிப்படையாக நடந்துகொள்கிறது. ப்ராஜெக்ட் பலகத்தில் கோப்பைத் தேர்ந்தெடுத்து வலச் சொடுக்கில் "இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ்", அதில் "மெயின்" என்று போனால், ஆல்ஃபாவைப் புறக்கணி, நேர், பெருக்கியது என்ற தேர்வுகள் தெரியும். பெருக்கியது என்று தேர்ந்தெடுக்கும்போது எந்த நிறத்தின்மேல் பெருக்கியது என்றும் கேட்கும். பெரும்பாலும் கறுப்பு, சில பழைய லோகோ அனிமேஷன்களில் வெள்ளை. "கெஸ்" என்ற பொத்தான் மென்பொருளையே ஊகிக்கச் சொல்லும். அது பெரும்பாலும் சரியாகவே ஊகிக்கிறது, ஆனாலும் கண்ணால் பார்த்து உறுதிசெய்யாமல் விடக் கூடாது.

பிரீமியர் புரோவில் "மாடிஃபை", அதற்குள் "இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ்" என்ற வழியில் போய், ஆல்ஃபா பகுதியில் "இக்னோர்", "இன்வெர்ட்" ஆகியவற்றில் தவறி டிக் விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விளிம்பில் கறுப்போ வெள்ளையோ ஒட்டிக்கொண்டு வந்த கிளிப்புக்கு "ரிமூவ் மேட்" என்ற எஃபெக்ட் உண்டு. பதிப்புக்குப் பதிப்பு அது இருக்கும் அறை மாறுவதால், எஃபெக்ட் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டச்சு செய்து எடுப்பதே எளிது. புரோகிராம் மானிட்டரின் அமைப்புகளில் "டிரான்ஸ்பரன்சி கிரிட்" என்பதை இயக்கினால் வெறுமையான இடங்கள் கறுப்பாகத் தெரியாமல் கட்டங்களாகத் தெரியும். டைம்லைனில் அடியில் வேறு டிராக் இல்லாதபோது தெரியும் கறுப்பைப் பார்த்து "ஆல்ஃபா போய்விட்டது" என்று பதறுகிறவர்கள் பலர். அது வெறும் வெறுமைதான்.

டாவின்சி ரிசால்வில் மீடியா பூலில் உள்ள கிளிப்பின்மேல் வலச் சொடுக்கு, "கிளிப் ஆட்ரிப்யூட்ஸ்", அதில் "ஆல்ஃபா மோட்". இங்கே கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. பெயர்1, பெயர்2, பெயர்3 என்று தொடர் எண்ணுடன் பிஎன்ஜிகளைக் கொண்டுவந்தால், ரிசால்வ் அவற்றை ஒரே வீடியோவின் சட்டங்கள் என்று எண்ணி ஒரே கிளிப்பாகக் கோத்துவிடும்; மீடியா பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவில் "ஃபிரேம் டிஸ்பிளே மோட்" என்பதை "இன்டிவிஜுவல்" என்று மாற்றினால் தனித்தனியாக வரும். அடுத்து, 300 பிக்சல் லோகோ திரையை நிரப்பிக்கொண்டு மங்கலாக வந்து நின்றால், அளவு பொருந்தாத படங்களைச் சட்டத்துக்கு ஏற்ப நீட்டும்படி ப்ராஜெக்டின் இமேஜ் ஸ்கேலிங் அமைப்பு இருக்கிறது என்று பொருள். இன்ஸ்பெக்டரில் அந்தக் கிளிப்புக்கு மட்டும் ஸ்கேலிங்கை "கிராப்" என்று மாற்றினால் அது தன் இயல்பான அளவுக்குத் திரும்பும்.

ஃபைனல் கட் புரோவில் இன்ஃபோ இன்ஸ்பெக்டரில் "ஆல்ஃபா ஹேண்ட்லிங்" என்ற பெயரில் இதே தேர்வு இருக்கிறது. கேடென்லைவ், ஷாட்கட் ஆகியவற்றில் பிஎன்ஜியை மேல் டிராக்கில் இட்டால் போதும்.

எல்லா மென்பொருளுக்கும் பொதுவான ஒரு கோளாறு பிராக்ஸி. கணினி திணறாமல் இருக்க நாம் உருவாக்கும் இலகுவான நகல்கள் பெரும்பாலும் ஆல்ஃபாவைத் தாங்காத கோடெக்கில், அதாவது வீடியோவைச் சுருக்கி எழுதும் முறையில், இருக்கும். லோகோ அனிமேஷனுக்கும் சேர்த்துப் பிராக்ஸி உருவாக்கிவிட்டால் திரையில் கறுப்புப் பெட்டி தெரியும். மூலக் கோப்பில் கோளாறே இருக்காது. கிராஃபிக்ஸ் கிளிப்புகளுக்குப் பிராக்ஸி வேண்டாம் என்று விட்டுவிடுவது உத்தமம்.

மூன்று நிறத்தில் சோதித்தல்

கோப்பு உள்ளே வந்ததும் அதற்கு அடியில் முதலில் கறுப்பு, அடுத்து வெள்ளை, அதன்பின் கிளிப்பச்சை ஆகிய மூன்று தட்டை நிறங்களை வைத்துப் பாருங்கள். பிரீமியரில் "கலர் மேட்", ரிசால்வில் "சாலிட் கலர்" என்பவை இதற்கு உதவும். காட்சியை 400 விழுக்காடு பெரிதாக்கி, வளைவு உள்ள எழுத்தின் விளிம்பைப் பார்க்க வேண்டும்; "ழ"வின் வளைவும் சுழியும் இதற்கு நன்றாகப் பயன்படும். கறுப்பின்மேல் வைக்கும்போது வெண்நூல் தெரிந்தால் வெள்ளை மேட் ஒட்டியிருக்கிறது. வெள்ளையின்மேல் கருங்கோடு தெரிந்தால் பெருக்கிய ஆல்ஃபா தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது. கிளிப்பச்சையின்மேல் வைத்தால், நிழல் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் மூட்டம் இருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். நல்ல நிழல் பச்சையைக் கருமையாக்க வேண்டும், சாம்பலாக்கக் கூடாது.

நிழல் வெளிறிப்போவது

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும், போட்டோஷாப்பில் அடர்த்தியாக இருந்த நிழல் டைம்லைனில் வெளிறித் தெரிவதாகச் சிலர் சொல்வார்கள். பிரீமியரின் சீக்வென்ஸ் அமைப்பில் "காம்போசிட் இன் லீனியர் கலர்" என்ற தேர்வு இயங்கிக்கொண்டிருந்தால் இப்படி நடக்கும். வெள்ளையின்மேல் பாதி தெரியும் கறுப்பை வைத்தால், போட்டோஷாப்பின் வழக்கமான கணக்கில் 128 வரும். ஒளியின் உண்மையான அளவை வைத்துக் கலக்கும் லீனியர் கணக்கில் ஏறத்தாழ 188 வரும். இரண்டில் எது சரி என்ற விவாதத்துக்குள் போக வேண்டியதில்லை. தலைப்புகள் மிகுந்த வேலையாக இருந்தால் அந்த டிக்கை எடுத்துவிடுவது என் வழக்கம். காட்சிகளுக்கிடையே டிசால்வ் அதிகம் உள்ள வேலை என்றால் அதை அப்படியே விட்டுவிட்டு, நிழலின் அடர்த்தியைப் போட்டோஷாப்பில் கூட்டிக்கொள்வேன்.

அசையும் கிராஃபிக்ஸ்

சுழன்று வரும் லோகோவை எம்பி4ஆக அனுப்பினால் பின்னால் கறுப்புடன்தான் வரும், ஏனெனில் நாம் அன்றாடம் பயன்படுத்தும் எச்.264 ஆல்ஃபாவைச் சுமப்பதில்லை. ஆல்ஃபாவுடன் அனுப்ப புரோரெஸ் 4444, டிஎன்எக்ஸ்எச்ஆர் 444, சினிஃபார்ம் போன்றவற்றில் ஒன்று வேண்டும். புரோரெஸ் 4444 என்பதில் நான்காவது 4தான் ஆல்ஃபாவைக் குறிக்கிறது. புரோரெஸ் 422இல் அது கிடையாது. கோடெக்கைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் அவுட்புட் மாட்யூலில் சேனல்களை "ஆர்ஜிபி + ஆல்ஃபா" என்றும், நிறத்தை "ஸ்ட்ரெய்ட்" என்றும் வைக்க வேண்டும். பிரீமியரில் டெப்த் வரிசையில் "ஆல்ஃபா" என்ற சொல் சேர்ந்த தேர்வை எடுக்க வேண்டும். ரிசால்வில் "எக்ஸ்போர்ட் ஆல்ஃபா" கட்டத்தில் டிக் இட வேண்டும். கோப்பு பெரிதாகத்தான் இருக்கும். 1080 அளவில் நொடிக்கு 25 சட்டம் என்றால், ஆல்ஃபாவைச் சேர்க்காமலே நொடிக்கு 275 மெகாபிட் என்பது புரோரெஸ் 4444க்கு ஆப்பிள் தரும் இலக்கு அளவு. எளிய லோகோவுக்கு இதைவிடக் குறையும்.

பிஎன்ஜி சட்டங்களின் வரிசையாக எடுப்பது பழைய முறை என்றாலும் இன்றும் நம்பகமானது. 10 நொடிக்கு 250 படங்கள்; ரெண்டர் 180ஆவது படத்தில் நின்றுபோனாலும் அங்கிருந்து தொடரலாம். எண்களை 0001 என்று நான்கு இலக்கத்தில் இடுங்கள். திறக்கும் இடத்தில் வேகத்தைச் சரிபார்ப்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது, ஏனென்றால் படவரிசையில் வேகம் பற்றிய குறிப்பு எதுவும் இருக்காது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் தன் இயல்பில் நொடிக்கு 30 சட்டம் என்று எடுத்துக்கொள்வதால் 250 படங்கள் 8.33 நொடியில் ஓடி முடிந்துவிடும். நாதஸ்வரத்தோடு சேர்ந்து முடிய வேண்டிய தலைப்பு ஒன்றரை நொடிக்குமேல் முந்திக்கொண்டு போய்விடும். இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜில் 25 என்று மாற்றிவிட்டுத்தான் டைம்லைனுக்குக் கொண்டுவர வேண்டும்.

பிறருக்கு அனுப்பும் கோப்பின் பெயரிலேயே எந்த வகை ஆல்ஃபா என்பதை நான் எழுதிவிடுகிறேன்: "மணமக்கள்_பெயர்_நேர்_25". கறுப்பின்மேல் பெருக்கியது என்றால் "பெருக்கியது_கறுப்பு". நான்கு மாதம் கழித்து அதே கோப்பைத் திறக்கப்போவது பெரும்பாலும் நானேதான்.